அடுப்பிலிருந்து திரும்பி வந்த முகம்

என் அம்மா தன் கையால் அடுப்பில் திணித்துக் கொளுத்திய படம், மறுநாள் காலையில் அதே சுவரில், அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உப்பளத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளை பூத்துப்போய்த் திரும்பி வந்தவள், உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடினாள் பாருங்கள், அடுப்புக்கு. குந்தி உட்கார்ந்து சாம்பலை இரண்டு கையாலும் தோண்டினாள். "நான்தானடி கொளுத்துனேன்? இந்தக் கையாலதான கொளுத்துனேன்?" என்று என்னைக் கேட்டாள். அவள் கேட்ட கேள்வியில், எல்லாம் தெரிந்த எனக்கே ஒரு கணம் உடம்பு சில்லிட்டுப் போனது.

அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மளிகைக்கடைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில்தான். ஆனால் ஜனங்கள் பேசுவதைக் கேட்பது எனக்குச் சோறு மாதிரி. யாராவது ஒரு வார்த்தையை நன்றாகச் சொல்லிவிட்டால் அன்று பூராவும் அதை வாயில் போட்டு மென்றுகொண்டே மூட்டை தைப்பேன். மரக்காணத்து உப்பளத்தில் எனக்கு அதுதான் வேலை. மலையாகக் குவித்த உப்பைச் சாக்கில் கொட்டுவார்கள், நான் கோணி ஊசியால் வாயைத் தைப்பேன்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்கள் டீக்கடைக்காரர் சொன்னதை இன்றுவரை என்னால் துப்ப முடியவில்லை. "கடலு எழுந்து நின்னு நம்மளப் பாத்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வடையைத் திருப்பிப் போட ஆரம்பித்துவிட்டார்.

என் தம்பியின் மனைவி அனுமந்தைக் கரையோரத்துப் பெண். தம்பி ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டான். அவர்களுக்கு ஒரு பையன், ஒரு பெண். அரைப்பரீட்சை லீவுக்கு இரண்டும் அனுமந்தையில் அவள் பிறந்த வீட்டில் இருந்தன. அவள் இங்கே மரக்காணத்தில் எங்களோடு இருந்தாள். பிள்ளைகளைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதமாட்டேன்.

அவள் அழவில்லை. அதுதான் எங்களையெல்லாம் உலுக்கிவிட்டது. தெருப் பெண்கள் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவளை அழவைத்துவிட வேண்டும் என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். அவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து, "அது வாயத் தொறந்தா கடலு உள்ள வந்துடும்னு மூடிக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தானே அழுதாள்.

இரண்டு பிள்ளை போதும் என்று அவள் முன்பே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டாள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு வெட்டின குழாயை மறுபடி சேர்த்துவைக்கிற ஆபரேஷன் இருக்கிறது என்று நர்ஸம்மா வீடு வீடாக வந்து சொன்னார்கள். தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். சம்மதமா, சும்மா ஆட்டினாளா என்று எனக்குத் தெரியாது. 2006-இல் அவள் மாசமானாள்.

அம்மாவுக்குக் காலே தரையில் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாசமாக இருப்பவள் கண்ணில் நல்லதுதான் படவேண்டும், அவள் எந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ அந்த முகம்தான் பிள்ளைக்கு வரும். அம்மா பஜாருக்குப் போய்க் குழந்தைப் படங்களாக அள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு குழந்தை போன் பேசியது. ஒன்று தர்பூசணிக்குள் உட்கார்ந்திருந்தது. ஒன்று கிருஷ்ணர் வேஷத்தில் வெண்ணெய்க்குள் கை விட்டிருந்தது. எல்லாம் வெள்ளை வெளேரென்று, எல்லாம் சிரித்துக்கொண்டு. மருமகள் படுக்கிற இடத்துக்கு எதிர்ச்சுவர் முழுக்க ஒட்டிவிட்டாள்.

தம்பி மனைவி மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சுவரிலும் அம்மா ஒட்டினாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிடுவாள். ஊசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வயித்துல புள்ள வளரலைங்க. ஒடம்புல ரத்தமே இல்ல. இப்டியே போனா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது" என்றார்கள். அம்மா திரும்பி வந்து, பக்கத்திலேயே இருக்கும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, "போன ரெண்டே போதும்டி. இத முழுசா என் கையில பாத்துட்டா போதும்" என்றாள்.

வீடு இப்படி இருந்தபோது என் வேலை வேறு மாதிரி ஆகிப்போயிருந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் முதலாளியின் பாத்தியில் பாதி கருப்புச் சேறு. ஒரு குடோன் காலியாகக் கிடந்தது. இடையஞ்சாவடியில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரம்மா அதை வாடகைக்குக் கேட்டாள். படம் அச்சடிக்க விசாலமான தரை வேண்டுமாம். முதலாளி சாவியை என்னிடமே விட்டுவைத்திருந்ததால் குடோனோடு சேர்த்து என்னையும் வாடகைக்கு விட்ட மாதிரி ஆகிவிட்டது.

அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தமிழை இடையஞ்சாவடிச் சின்னப் பசங்களிடம் கற்றுக்கொண்டவள். அதனால் என்னையும் 'ஏம்பா' என்றுதான் கூப்பிடுவாள். மரப்பலகையில் உளியால் படம் வெட்டுவாள். வெட்டிய இடம் பள்ளம், வெட்டாத இடம் மேடு. உருளையால் கருப்பு மையைப் பூசினால் மேட்டில் மட்டும் ஒட்டும். மேலே காகிதத்தைப் போட்டு, மரக்கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தித் தேய்க்கவேண்டும். அதுதான் என் வேலை. பிறகு ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்தால் காகிதத்தில் படம் இருக்கும். மேடெல்லாம் கருப்பு, பள்ளமெல்லாம் வெள்ளை, வலது இடதாக மாறி.

முதல் முதலாக அப்படி உரித்தபோது நான் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். அத்தனை வேலை செய்து கடைசியில் வந்தது ஒரு எலும்பு மனிதன். உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாத்தி வரப்பில் நிற்கிறான். பின்னால் ஜனங்கள் வரிசையாகத் தலை குனிந்து வருகிறார்கள். படம் என்றால் எனக்குக் காலண்டர் லட்சுமி. இப்படி ஒன்றைச் செய்ய ஒரு பெண் அவ்வளவு தூரம் கடல் தாண்டி வருவாளா என்று எனக்கு மண்டை காய்ந்தது.

மத்தியானம் எட்டிப் பார்த்த உப்பளத்துப் பெண்கள் அதை விடவில்லை.

"இன்னாக்கா இவன் இப்பிடி எளச்சிருக்கான்? ரேஷன் கார்டு இல்லையா?"

"இவன் சாவாம்" என்றேன்.

"சாவா? நம்ம மேஸ்திரின்னு இல்ல நெனச்சேன்!"

ஜெர்மன்காரம்மாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைத்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் தமிழில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன். அவர்கள் நாட்டில் பெரிய யுத்தம் வந்து ஊர் ஊராகச் செத்தார்களாம். படம் வரைகிறவர்களுக்கு அதன் பிறகு அழகாக வரையக் கை வரவில்லையாம். உளியை எடுத்து மரத்தில் வெட்டினார்களாம். பசி ஒரு ஆள், சாவு ஒரு ஆள், துக்கம் ஒரு பொம்பளை. யாருக்கும் பேர் கிடையாது. ஒரு பலகையை வெட்டிவிட்டால் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம், இல்லாதப்பட்டவர் வீட்டிலும் மாட்டலாம். "ஒரு பணக்காரன் வீட்டுல பூட்டி வெக்க முடியாது, ஏம்பா" என்றாள். இந்த மூஞ்சியை எந்த ஏழை மாட்டுவான் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் அந்தப் பெரிய பலகையை வெட்டினாள். பழைய கதவு. கடல் பிய்த்துப் போட்டதில் ஒன்று, மரக்கடையில் வாங்கியது. நாள் கணக்கில் வெட்டினாள். வெட்டும்போது பேசமாட்டாள், மூச்சு மட்டும் கேட்கும்.

அதை உரித்த அன்று நான் கத்தவில்லை, அவ்வளவுதான். ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். உடம்பெல்லாம் ஒரே கருப்பு. கையும் காலும் உலக்கை உலக்கையாக. மரத்தின் ரேகை அவள் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஓடுவது மாதிரி விழுந்திருக்கிறது. மடியில் ஒரு பிள்ளை. அதை மாரோடு சேர்த்து அவள் பிடித்திருக்கிற பிடி இருக்கிறதே, கொஞ்சுகிறாளா, விழுங்கப் போகிறாளா என்று தெரியாது. கண்ணிருக்கும் இடத்தில் இருட்டு. வாய் மட்டும் வெள்ளையாக, அகலமாக, முகத்தில் பாதிக்குத் திறந்திருக்கிறது.

"புள்ள?" என்று கேட்டேன்.

"செத்துப் போச்சு" என்றாள் ஜெர்மன்காரம்மா. மையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

நான் வெளியே போய் நின்றுகொண்டேன். பாத்திகளில் வெயில் கண்ணைக் குத்தியது. இந்த ஊரில் வந்து இதையா வெட்டினாய் என்று கேட்கவேண்டும் போலிருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் மறுநாள் போனேன், மறுநாளும் தேய்த்தேன். தேய்த்த படங்களைக் கொடியில் கவ்வி போட்டு மாட்டினோம். உப்புக் காற்றில் மை சீக்கிரம் காயாது. அதே முகம் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் நான் காகிதத்தை உரித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. என் தம்பி மனைவி. நான் சோற்றை மறந்துவிட்டு வந்திருந்தேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அம்மா அவளிடம் தூக்கு வாளியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"வராத! அங்கயே நில்லு!" என்று அலறினேன். முழங்கை வரை மை. படத்தை மூடவும் முடியாது, அவளைத் தள்ளவும் முடியாது. கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து என் கக்கத்துக்குக் கீழே பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு அண்ணி இவ?"

அவள் தானாக ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "யாருமில்ல, பொம்ம. நீ வெளிய வா" என்றேன்.

"பேரு இல்ல" என்றாள் ஜெர்மன்காரம்மா. "அம்மா. எல்லா அம்மா."

தம்பி மனைவி என் கையை விலக்கிவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "புடிச்சினு இருக்கா" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "விடல பாருங்க அண்ணி. நான் பக்கத்துல இல்ல. இவ பக்கத்துல இருந்திருக்கா. புடிச்சினு, வாயத் தொறந்து கத்தினு இருக்கா."

அதன் பிறகு அவள் செய்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தூக்கு வாளியைத் திறந்தாள். எனக்குக் கொண்டுவந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் பிசைந்து, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பக்கத்தில் ஒருத்தி துணைக்கு உட்கார்ந்திருப்பது மாதிரி. நானும் ஜெர்மன்காரம்மாவும் கருப்புக் கையோடு நின்றோம். வாளி காலியானதும் அவளுக்கே திக்கென்று ஆகி, "அய்யோ, உங்களுக்கு?" என்றாள்.

போகும்போது அந்தப் படத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். கொடியில் காய்ந்திருந்த ஒன்றை ஜெர்மன்காரம்மா சுருட்டிக் கொடுத்தாள். நான் தடுத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். சாப்பிட்டவளைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலண்டர் ஆணியில் அதை மாட்டினாள். தர்பூசணிக் குழந்தைக்கும் போன் பேசும் குழந்தைக்கும் நடுவே அந்தக் கருப்பு முகம். அம்மா உள்ளே வந்து அண்ணாந்தவள், தலைச்சும்மாட்டை அவிழ்த்து அதன் மேல் எறிந்தாள். "பொணத்தக் கொண்டாந்து மாட்டியிருக்கீங்களேடி! வயித்துல புள்ளய வெச்சிக்கினு பாக்குற படமாடி இது?"

அன்று முதல் அம்மா ஒரு பழைய சேலையை அதன் மேல் போடுவாள். தட்டில் சோறு விழுந்ததும் தம்பி மனைவி எழுந்துபோய்ச் சேலையை எடுப்பாள். சாப்பிட்டு முடித்ததும் திரும்ப மூடிவைப்பாள். சோறு உள்ளே போகிறதே என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தம்பி லாரியில் உப்பு ஏற்றிவிட்டு வருவான், மனைவியின் தட்டைப் பார்ப்பான், சுவரைப் பார்ப்பான், குளிக்கப் போய்விடுவான்.

கெடுத்தது எதிர்வீட்டு அம்மாள். நல்ல மனுஷிதான், ஆனால் அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு உறவுக்காரி இருப்பாள். "எங்க ஓரகத்தி மாசமா இருக்கும்போது குரங்காட்டியப் பாத்தாக்கா, வெறும் குரங்காட்டி. பொறந்த புள்ள காதப் பாக்கணுமே, இப்டி வெளிய நிக்குது. இதுல நீங்க சாவையே மாட்டி வெச்சிருக்கீங்க. இந்தக் கண்ணு இல்லாத மூஞ்சியோட ஒரு புள்ள பொறந்தா நீங்க தாங்குவீங்களா?"

அன்று சாயங்காலம் அம்மா படத்தை ஆணியிலிருந்து பிய்த்து, முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டே அடுப்புக்குள் திணித்தாள். மை எரிந்த நாற்றம் என் வீடு வரை வந்தது. அன்றைக்கு வைத்த சோறு வைத்தபடியே இருந்ததாம்.

மறுநாள் விடிகாலையில் அம்மா உப்பளத்துக்குப் போன கையோடு தம்பி மனைவி குடோன் வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, இன்னொண்ணு குடுங்க."

"அது இன்னா ஆச்சு?"

"அத்த எரிச்சிட்டாங்க." பால் பொங்கி வழிந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாள். கொடியிலிருந்து ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தேன். அம்மாவிடம் நான் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று அவள் பின்னாலேயே போனேன். ஆனால் வழியில் ஒருத்தி நிறுத்திப் பேச, பேச்சென்றால் நான் விழுந்துவிடுவேன் என்பதுதான் தெரியுமே. நான் போய்ச் சேர்ந்ததும் அம்மா வந்ததும் ஒன்றாக இருந்தது.

சாம்பலைத் தோண்டிக்கொண்டிருந்தவளிடம் நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி ஆறுதலாக ஒன்றைச் சொன்னாள். "பயப்படாதீங்க அத்த. அது நிறைய இருக்குது."

"நிறைய இருக்குதா!" அம்மாவுக்கு முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. கற்பூரம் எங்கே என்றாள், எலுமிச்சம்பழம் எங்கே என்றாள். பூசாரியைக் கூப்பிடச் சொல்லி எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். எரித்தாலும் போகாதது எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது, போன இரண்டும் போதாதென்று மூன்றாவதுக்கும் வந்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டாள். படத்துக்குப் பலகை உண்டு, ஒரு பலகையில் எத்தனையும் அடிக்கலாம் என்று நான் சொன்னது அவள் காதிலேயே ஏறவில்லை. அவளைப் பொறுத்தவரை படம் என்றால் ஒன்று. அதை எரித்தால் தீர்ந்தது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். வாசலில் நின்று உள்ளே பார்த்தவள் என் மணிக்கட்டை நெரித்தாள். கொடி முழுக்க அதே வாய், அதே வாய், அதே வாய். காற்றில் எல்லாம் சேர்ந்து ஆடின.

"அம்மா, கீழ பாரு. இதுலேந்துதான் வருது."

தரையில் கிடந்த பலகையை அவள் வெகுநேரம் பார்த்தாள். குந்தினாள். ஒரு விரலை மட்டும் நீட்டி ஓரத்தைத் தடவினாள். "கதவுடி இது" என்றாள் மெல்ல. "தாழ்ப்பா இருந்த எடம் பாரு. யார் வீட்டுக் கதவோ." அதற்குப் பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தடவினாள், வெட்டு வெட்டாக.

ஜெர்மன்காரம்மா ஒன்றும் கேட்காமல் உருளையால் மை பூசினாள். காகிதத்தை விரித்தாள். மரக்கரண்டியை அம்மாவிடம் நீட்டினாள். "ஏம்பா, நீ தேயி."

"இன்னாடி சொல்றா இவ? யாரு ஏம்பா?"

"உன்னத் தேய்க்கச் சொல்றாம்மா."

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டாள். பிறந்ததிலிருந்து உப்பு வாரிய தோள் அது. நான் நாள் பூராவும் தேய்ப்பதை அவள் கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டாள். ஜெர்மன்காரம்மா ஒரு மூலையைக் காட்ட, அம்மாவே உரித்தாள். ஈரம் மினுங்கிக்கொண்டு அந்தப் பெண் மேலே வந்தாள், அம்மாவின் இரண்டு கைக்கும் நடுவே. அம்மா அதை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு முன் மூடும்போதும் எரிக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான்.

படத்தைக் கிழித்துவிடுவாளோ என்று நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். கத்தப் போகிறாள், சபிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மா, மடியிலிருக்கும் பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோனாள்.

"இன்னாடி இது?"

கன்னத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. உருண்டையாக, கச்சிதமாக. நான் அத்தனை தடவை தேய்த்தும் அதைப் பார்த்ததாக நினைவில்லை. ஜெர்மன்காரம்மாவிடம் காட்டினேன். அவள் தோளைக் குலுக்கினாள். "ஆணி. கதவுல பழைய ஆணி ஓட்ட."

"ஆணி ஓட்டையாம்மா."

"ஆணியாவது ஓட்டையாவது. திருஷ்டிப் பொட்டுடி!"

"அம்மா..."

"கருப்புப் படத்துல கருப்புப் பொட்டு வெச்சா தெரியுமா? அதான் வெள்ளையா வெச்சிருக்கா. கன்னத்துல பாரு, நாம வெக்கிற எடத்துலயே." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "செத்த புள்ளைக்கு எவளாவது திருஷ்டி கழிப்பாளாடி? உசுரோட இருக்குற புள்ளடி இது! யாரோ கண்ணு வெச்சிடப் போறாங்கன்னு புடிச்சி வெச்சிக்கினு கத்துறா!"

அந்தப் பிள்ளை செத்துப்போனது என்று வெட்டியவளே என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் இங்கேதான் நிற்கிறாள், அம்மா என்ன சொல்கிறாள் என்று என் முகத்தைப் பார்க்கிறாள். திருஷ்டி என்றால் என்ன என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பொறாமை என்றேன், கண் என்றேன், அவள் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். அம்மா பொறுமை இழந்து, கட்டை விரலை மையில் தோய்த்து ஜெர்மன்காரம்மாவின் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "இவ்ளோ வெள்ளையா இருக்கா, மொதல்ல இவளுக்கில்ல வெக்கணும்." ஜெர்மன்காரம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி கன்னத்தைத் தொட்டாள். அன்று அவள் உளியை எடுக்கவில்லை.

தான் தேய்த்த படத்தை அம்மா ஈரத்தோடே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழையதைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினாள். சேலையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள். எதிர்வீட்டு அம்மாள் வந்து மோவாயில் கை வைத்தபோது, "கன்னத்தப் பாருடி மொதல்ல, அப்பறம் பேசு" என்று அனுப்பிவிட்டாள். ஆனால் பயம் விட்டுப்போனது என்று நான் சொல்லமாட்டேன். தம்பி மனைவி படத்தைப் பார்த்துச் சாப்பிடும்போதெல்லாம் அம்மா அவளுடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழைக்காலத்தில் ஒரு பகலில் வலி எடுத்தது. பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தம்பி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். நானும் அம்மாவும் பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே அவள் சத்தம் கேட்டது. பிறகு அவள் சத்தம் நின்றது. பிள்ளையின் சத்தம் வரவில்லை.

வரவில்லை. உள்ளே யாரோ வேகமாக நடந்தார்கள். ஏதோ தட்டு உருண்டது. நர்ஸ் ஒருத்தி வெளியே ஓடி வந்து எங்களைப் பார்க்காமல் திரும்ப உள்ளே ஓடினாள். அம்மா என் கையைப் பிடித்த பிடி எனக்குத் தெரிந்த பிடி. நான் தினமும் காகிதத்தில் தேய்த்த பிடி. எனக்கு அந்தக் கருப்பு மடி கண் முன்னால் வந்துவிட்டது. குடோனில் ஜெர்மன்காரம்மா மையைத் துடைத்துக்கொண்டே சொன்ன வார்த்தை காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதை நான் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அப்போது வீறிட்டது பாருங்கள் ஒரு சத்தம். கதவு, சுவர், படிக்கட்டு எல்லாம் அதிர. தம்பி படியில் தடுக்கி விழுந்து எழுந்து வந்தான்.

துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். பெண். மூச்சு வரச் சிரமப்பட்டதில் உடம்பெல்லாம் கருநீலம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு இறுகிய கோடு. முகத்தில் பாதிக்கு வாய். அந்த வாயை அகலத் திறந்துகொண்டு, நாக்கு நடுங்க, நிறுத்தாமல் கத்தியது.

அம்மா அப்படியே பின்னால் சாய்ந்து சுவரில் மோதிக்கொண்டாள். "அதே மொகம்டீ" என்றாள். "பாத்துனே இருந்தா இல்ல, அதே மொகத்த இறக்கிட்டாடி!" சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு எங்கேயோ நடுவில் அழுகையாக மாறிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் கேட்டதில்லை. நர்ஸுகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்களை உள்ளே விட்டபோது பிள்ளை இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அம்மா அதன் உதட்டில் விரலை வைத்து, "ச்சூ, ச்சூ, போதும் தாயி" என்றாள். கட்டிலில் கிடந்த தம்பி மனைவி தலையைத் திருப்பினாள். காது வரைக்கும் கண்ணீர் இறங்கியிருந்தது. எப்போது ஆரம்பித்ததோ, யாரும் பார்க்கவில்லை.

"வாய மூடாதீங்க அத்த. கத்தட்டும்."

அம்மா விரலை எடுத்துவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த கண்மை டப்பியை எடுத்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே செருகிக்கொண்டிருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை. மூடியைத் திறந்து விரலில் தொட்டுக்கொண்டு குனிந்தவள், பிள்ளையின் முகத்துக்கு மேலே கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கன்னம்டீ?"

அத்தனை படம் தேய்த்தவள் நான். பலகையில் ஒரு பக்கம், படத்தில் மறுபக்கம். எனக்குச் சட்டென்று வரவில்லை. கட்டிலில் இருந்தவள்தான் ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி, தன் கன்னத்தில் தொட்டுக் காட்டினாள்.